தாவர ஸ்டெரால் ரத்தக்குழாயில் படியுமா?

அண்டிப்பருப்பு, எள், நல்லெண்ணெய் எல்லாவற்றிலும் தாவர ஸ்டெரால் (செடிகொடிகளில் இருக்கும், கொலஸ்ட்ரால் மாதிரியான கொழுப்புப் பொருள்) இருக்கிறதே, அதுவும் கொலஸ்ட்ரால் மாதிரி ரத்தக்குழாயில் படியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். பயப்படாதீர்கள், அநேகமாக யாருக்கும் படியாது.

தினமும் நாம் சாப்பிடுவதில் சுமார் 200 முதல் 400 மில்லிகிராம் தாவர ஸ்டெரால் இருக்கும். கொலஸ்ட்ராலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய பாதி உடம்பில் சேரும். தாவர ஸ்டெராலில் 5 சதவீதம்கூடச் சேராது. இத்தனைக்கும் இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி, வால்பக்கம் ஒரு சின்னக் கிளைதான் வித்தியாசம். குடல் செல்லின் வாசலில் இருக்கும் என்பிசி1எல்1 புரதம் இரண்டையும் உள்ளே விட்டுவிடும். பிரிப்பு உள்ளேதான் நடக்கிறது. கொலஸ்ட்ராலைக் கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்பும் நொதி, தாவர ஸ்டெராலை அவ்வளவாகத் தொடாது. அப்படி நிற்பதை ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற ஜோடிப் புரதம் குடலுக்கே திருப்பித் தள்ளிவிடும். தப்பி ரத்தத்துக்குப் போனதைக் கல்லீரல் பித்தநீரில் இறக்கிவிடும்.

என் அண்ணன் துபாயிலிருந்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தாவர ஸ்டெரால் சேர்த்த பானம் கொண்டுவந்தான். அம்மா அதைக் காலையில் வெறும் வயிற்றில் குடித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சோறும் மீன்குழம்பும் சாப்பிடும்போது குடியுங்கள் என்று மாற்றினேன். சாப்பாட்டுக் கொழுப்போடு பித்தநீர் கலக்கிற நேரத்தில்தான் அது கொலஸ்ட்ராலின் இடத்தைப் பிடித்து வெளியேற்ற முடியும். தினம் 2 கிராம் ஸ்டெரால் எடுத்தால் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 8 முதல் 10 சதவீதம் குறையலாம். அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அப்புறம் ஒன்று, இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஜோடிப் புரதம் பிறவியிலேயே வேலை செய்யாதவர்கள் மிக அரிதாக உண்டு. சிட்டோஸ்டெரோலீமியா என்ற இந்த நோயை 1974-இல் முதன்முதலாக இரண்டு சகோதரிகளிடம் கண்டார்கள். இவர்களுக்குத் தாவர ஸ்டெரால் படியத்தான் செய்யும். குதிகால் தசைநாரிலும் முழங்கையிலும் கட்டி வரும், சின்ன வயதிலேயே இதயக்குழாய் அடைக்கலாம். எங்களைப் போன்ற லேபில் போடும் சாதாரணப் பரிசோதனை கொலஸ்ட்ராலையும் தாவர ஸ்டெராலையும் ஒன்றாகவே எண்ணி, மொத்தத்தையும் கொலஸ்ட்ரால் என்றே காட்டும். பிரித்துப் பார்க்கத் தனிப் பரிசோதனை வேண்டும். பிள்ளைக்குக் கொலஸ்ட்ரால் மிக அதிகம், அப்பா அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது, குதிகாலில் கட்டியும் இருக்கிறது என்றால் டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வாசல் புரதத்தை அடைக்கும் எஸெட்டிமைப் மாத்திரை இருக்கிறது. கூடவே தாவர எண்ணெய், அண்டிப்பருப்பு மாதிரிக் கொட்டை வகைகளைக் குறைக்கச் சொல்வார்கள். நம் கடற்கரைச் சிப்பியையும்தான், ஏனென்றால் கடல் பாசியைத் தின்று வளரும் சிப்பியிலும் இதே மாதிரி ஸ்டெரால்கள் இருக்கின்றன.