மொட்டை மாடிக்கு மறுபூச்சு ஏன்? மேலே ஓடும் ஏசி டக்டை எப்படிக் காப்பது?

மறுபூச்சு என்பது, தட்டையான கூரையில் தேய்ந்துபோன பூச்சின் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை மறுபடி அடிப்பது. புற ஊதாக் கதிர் பழைய பூச்சை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்புபோல வெள்ளைத் தூள் ஒட்டினால் நேரம் வந்துவிட்டது. அந்தத் தூளை நன்றாகக் கழுவி, காயவிட்டு அடிக்காவிட்டால் புதுப்பூச்சு தோல்போல உரிந்து வரும். ஏன் வெள்ளை? நண்பகலில் கறுப்புச் சட்டை சுடும், வெள்ளைச் சட்டை அவ்வளவு சுடாது. கூரையும் அப்படித்தான்.

அப்புறம் டக்ட், அதாவது ஏசி காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய். உள்ளே குளிர்ந்த காற்று, வெளியே கொதிக்கும் தகரம். முதலில் இணைப்புகளை மாஸ்டிக் என்ற பசைபோன்ற அடைப்பானால் அடைத்து, பிறகு வெப்பம் புகாமல் தடுக்கும் இன்சுலேஷன் சுற்றி, அதன்மேல் வெயிலும் மழையும் தாங்கும் உறை போடுங்கள். சாதாரண டேப் வெயிலில் காய்ந்து கழன்றுவிடும்.

கூரைப் பூச்சைத் தடிமனாக அடித்தால் தண்ணீர் தேங்கும் பிரச்சினையும் தீரும் என்று பலர் நம்புகிறார்கள், தீராது. அக்ரிலிக் வகை வெள்ளைப் பூச்சு தேங்கிய நீரில் ஊறி உரியும், அதனால் தண்ணீர் வடிவதற்கான வாட்டத்தை (சரிவை) முதலில் சரிசெய்யுங்கள்.