கொசுறுக் குருவி

கேள்வி: எனக்கு 33 வயது. பி.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறேன். அரசுத் தேர்வுகள் ஏழு எழுதியும் ஒன்றிலும் தேறவில்லை. திருமணமும் அமையவில்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகிறது. அவர்களைக் கவனிக்க வேண்டியிருப்பதால் வெளியூர் வேலைக்கும் போக முடியவில்லை. புத்தாண்டு ஆராதனையில் இந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தமாக எனக்குக் கிடைத்த வேத வசனம் எரேமியா 29:11. 'ஆண்டவர் உனக்குப் பெரிய திட்டம் வைத்திருக்கிறார்' என்கிறார்கள். ஆண்டவர் செய்த நன்மைகளைச் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் 'இன்னும் சும்மாதான் இருக்கியா?' என்று கேட்கிறார்கள். ஒரு பயனும் இல்லாத என்னை ஆண்டவர் எதற்காகப் படைத்தார்?
- பெயர் வேண்டாம், நாசரேத்

பதில்: சகோதரி, முதலில் அந்த வாக்குத்தத்த அட்டையைக் கையில் எடுங்கள். ரோஜாப்பூப் படத்தின்மேல் ஒரே ஒரு வசனம் அச்சிட்டிருப்பார்கள். முந்தின வசனத்தை எந்த அட்டையிலும் பார்க்க முடியாது. அதில் 70 வருஷம் என்று இருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் அது. அதை வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் சொந்த ஊரைத் திரும்பப் பார்க்காமலே கண்ணை மூடியிருப்பார்கள். அதே நாட்களில் அனனியா என்று ஒருவன் இருந்தான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று சொன்னான். (இன்றைக்கு இருந்தால் எல்லாப் புத்தாண்டு ஆராதனைக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.) எரேமியா அப்படி எழுதவில்லை. வீட்டைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதில் காய்ப்பதைச் சாப்பிடுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதினார். நீங்கள் காத்திருக்கும் 'பெரிய திட்டம்' தபாலில் வரும் நியமன ஆணை போல உங்கள் மனதில் பதிந்துவிட்டது. அந்தக் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்து, 'ஒரு பயனும் இல்லாத என்னை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுகோலை உங்கள் அம்மாமேல் வைத்துப் பாருங்கள். அவர்களால் சம்பாதிக்க முடியாது. ஒரு பக்கம் கை கால் வராது. தானாகப் புரண்டு படுக்க முடியாமல் இருந்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்கள்தான் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அப்படியானால் அவர்களை எதற்காகப் படைத்தார் என்று கேட்பீர்களா? வேறு யாராவது கேட்டால் சும்மா விடுவீர்களா? அம்மாவுக்குப் பொருந்தாத கணக்கு மகளுக்கு மட்டும் எப்படிப் பொருந்துகிறது?

இயேசு மதிப்பைப் பற்றிப் பேசும்போது சந்தை விலையைத்தான் எடுக்கிறார். மத்தேயு சுவிசேஷத்தில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டால் நான்குதான் வர வேண்டும், இல்லையா? ஐந்தாவது கொசுறு. கறிவேப்பிலை மாதிரி, வியாபாரி சும்மா தூக்கிப் போட்டது. அந்தக் காசே ஒரு நாள் கூலியில் 16இல் ஒரு பங்குதான். ஏழைகள் வாங்கித் தின்கிற குருவி. அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்று அங்கேதான் சொல்கிறார். அந்த 'ஒன்றாகிலும்' கொசுறுக் குருவியையும் சேர்த்துத்தான். அது நன்றாகப் பாடியது என்றோ, பூச்சியைத் தின்று பயிரைக் காத்தது என்றோ ஒரு காரணமும் அவர் சொல்லவில்லை. இயேசுவின் காரியமும் அப்படித்தான். யோர்தான் நதியில் அவர் ஞானஸ்நானம் பெற்று, 'என்னுடைய நேசகுமாரன்' என்று வானத்திலிருந்து சத்தம் கேட்டபோது, அவர் ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை, ஒரு நோயாளியையும் குணமாக்கியிருக்கவில்லை.

இதையெல்லாம் நீங்கள் ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். மறக்கடித்தது நாங்கள்தான். சாட்சி நேரத்தில் விசா வந்தது, வீடு கட்டியது, மகனுக்கு சீட் கிடைத்தது என்று கேட்டுக் கேட்டு, தோற்றவர்களுக்குச் சாட்சி கிடையாது என்று சபையைப் பழக்கிவிட்டோம். மனிதனுக்கு விலை போடுவது நமக்குப் புதிதும் இல்லை. வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதியைப் பிரித்துச் சுவர் வைத்தார்கள். 1910இல்தான் அது இடிந்தது. சம்பளச் சுவரை எப்போது இடிப்போமோ தெரியாது.

டோனாவூருக்கு ஒரு தடவை போய் வாருங்கள். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்தார். அதற்கப்புறம் ஏறத்தாழ 20 வருஷம், 1951இல் இறக்கும் வரை, பெரும்பாலும் தன் அறையோடுதான். அப்போதும் புத்தகம் புத்தகமாக எழுதினாரே என்று என்னை மடக்குவீர்கள். எழுதினார், உண்மைதான். ஆனால் தன் கல்லறையில் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அதில் இருப்பது 'அம்மா' என்ற ஒரே சொல். எத்தனை புத்தகம், எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு அதில் கிடையாது.

தேர்வை விட்டுவிடாதீர்கள். எட்டாவது தடவையும் எழுதுங்கள். வேலை வேண்டும், சம்பளம் வேண்டும். அதில் விசுவாசக் குறைவு எதுவுமில்லை. அம்மாவைப் பார்ப்பதே உங்கள் ஊழியம் என்று சொல்லி, மற்றவர்கள் கையைக் கழுவிக்கொள்ளவும் விடாதீர்கள். உங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் யாராவது வந்து அம்மாவோடு உட்காரட்டும், நீங்கள் நூலகத்துக்குப் போய்ப் படியுங்கள். நீங்களே கேட்கத் தயங்கினால் இந்தப் பக்கத்தை வெட்டி உங்கள் சபை போதகர் ஐயரிடம் கொடுங்கள். அப்புறம், 'இன்னும் சும்மாதான் இருக்கியா?' என்று அடுத்த தடவை யாராவது வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள்.