சென்னைக்குப் பக்கத்துப் பாறையில் டைனோசர் காலத்து இலை: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

போன ஞாயிறு தண்டையார்பேட்டை படிப்பகத்தில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றை எல்லோர் கையிலும் கொடுத்துக் காட்டினேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் களிப்பாறை, அதன் மேல் சீப்பு மாதிரி ஒரு இலையின் பதிவு. நேரம் போதவில்லை, அதனால் பலர் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான், இந்த இலைகள் மேல் எனக்குப் பெரிய ஆசை உண்டு. ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

செல்வி, காசிமேடு: டீச்சர், பார்த்தால் ஈச்சமர ஓலை மாதிரியே இருக்கிறதே, அதுதானா?

இல்லைம்மா. ஈச்சமரம் பூக்கும் தாவரம். அதன் ஓலையில் ஒவ்வொரு கீற்றும் அடியில் பள்ளமாக மடிந்திருக்கும். கல்லில் இருப்பது தட்டையான சின்னச் சின்ன இலைகள், தண்டின் இரண்டு பக்கமும் நெருக்கமாக நிற்கின்றன. இதற்கு டைலோஃபில்லம் என்று பெயர், இறகு போன்ற இலை என்று அர்த்தம். குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைத்த கல்லை வைத்து 1840-ல் மோரிஸ் என்பவர் வைத்த பெயர். அடுத்த தடவை கல்லை லென்ஸில் பாருங்கள்: சின்ன இலைகள் தண்டின் விளிம்பிலிருந்து கிளம்பாமல் தண்டின் மேல்முகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால் முன்பக்கமாகப் பதிந்த இலையில் தண்டே சரியாகத் தெரியாது, பின்பக்கமாகப் பதிந்திருந்தால் தண்டு பளிச்சென்று தெரியும்.

முருகேசன், வியாசர்பாடி: கல்யாண மண்டப அலங்காரத்துக்கு சைகஸ் இலை வாங்குகிறோம். இது அதன் மூதாதையா?

நல்ல கேள்வி தம்பி, நூறு வருடத்துக்கு மேல் படித்தவர்களையே குழப்பிய விஷயம் இது. நாளைக்கு ஒரு சைகஸ் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கீற்றிலும் நடுவில் ஒரே ஒரு நரம்புதான் ஓடும். என் கல்லில் ஒரு கீற்றுக்குள் பல நரம்புகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஆனால் சைகஸின் உறவுக்காரச் செடிகள் சிலவற்றிலும் இப்படிப் பல நரம்பு உண்டு, அதனால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. இலையின் மேல்தோலைத்தான் பார்க்க வேண்டும். சில புதைபடிவங்களில் கரியாகிப்போன தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் குளோரேட்டும் கலந்த கரைசலில் ஊறவைத்து, வெளுத்தபின் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். (இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், ஆபத்தான கலவை.) இலை மூச்சுவிடும் நுண்துளையைத் திறந்து மூடுவது காவல் செல். சைகஸ் வகையில் இந்தக் காவல் செல்லும் அதன் பக்கத்துச் செல்லும் வேறு வேறு செல்லிலிருந்து வருகின்றன. இந்த அழிந்துபோன கூட்டத்தில் இரண்டும் ஒரே தாய்ச் செல்லிலிருந்து பிறந்தவை, சுற்றியிருக்கும் செல்களின் சுவரும் பெரும்பாலும் நெளிநெளியாக இருக்கும். அதனால் இவற்றைத் தனிக் கூட்டமாகப் பிரித்து பென்னட்டிட்டேல்ஸ் என்கிறார்கள். வெளித்தோற்றம் ஒன்று, வம்சம் வேறு. எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கிற இடம் இது.

என் கல்லில் தோல் இல்லை, வெறும் அச்சுதான்.

கீர்த்தனா, பெரம்பூர்: எங்கள் பாடத்தில் வில்லியம்சோனியா என்று வருகிறது. நீங்கள் டைலோஃபில்லம் என்கிறீர்கள். எது சரி டீச்சர்?

இரண்டும் சரி கண்ணு. செடி முழுசாகக் கல்லாவது அபூர்வம். இலை ஒரு இடத்தில் கிடைக்கும், தண்டு வேறொரு இடத்தில், பூ போன்ற உறுப்பு இன்னொரு இடத்தில். ஒன்றோடு ஒன்று சேர்ந்தது என்று உறுதியாகும் வரை தனித்தனிப் பெயர்: இலைக்கு டைலோஃபில்லம், தண்டுக்கு பக்லாண்டியா, பூ போன்ற உறுப்புக்கு வில்லியம்சோனியா. ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகளில் கிடைத்த துண்டுகளைச் சேர்த்து, ஒரு முழுச் செடி எப்படி நின்றிருக்கும் என்று 1932-ல் எழுதிக் காட்டியவர் தாவரப் புதைபடிவ அறிஞர் பீர்பல் சாஹ்னி. உன் புத்தகத்தில் பருத்த தண்டும் உச்சியில் இலைக்கொத்துமாக ஒரு படம் இருக்குமே, அது அவர் கட்டியெழுப்பிய வில்லியம்சோனியா சீவார்டியானா.

தினேஷ், எண்ணூர்: போர் போடும்போது எங்கள் ஊரிலும் இது கிடைக்குமா?

வீட்டு போரில் எதிர்பார்க்காதே. நம் காலடியில் இருப்பது ஆறும் கடலும் அண்மைக் காலத்தில் போட்ட மணலும் களியும். அந்தப் பழைய பாறை மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஆவடி, பூண்டி, வடக்கே சத்தியவேடு என்று ஆங்காங்கே தலைகாட்டுகிறது. ஆனால் உனக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. உங்கள் ஊரில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அது அந்தப் பாறை நிலத்தைக் கடந்துதான் வருகிறது. 1863-ல் புவியியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கால மனிதரின் கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் அந்த ஆற்றோரம்தான், அங்கே கருவிகள் கிடக்கும் மண்ணுக்கு அடியில் டைனோசர் காலத்துக் களிப்பாறை இருக்கிறது. கூடியம் குகை இருக்கும் கூழாங்கல் பாறையும் இதே குடும்பம். கருவி செய்த மனிதர்கள் உட்கார்ந்திருந்த தரையே அவர்களுக்குப் பல கோடி ஆண்டு மூத்தது!

வயது கேட்பாய். தொடக்க கிரிட்டேசியஸ், அதாவது டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில் முன்பாதி, 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. இந்தியா தென்பக்கத்துக் கண்டங்களை விட்டுப் பிரிந்துகொண்டிருந்த சமயம், கிழக்குக் கரை அப்போதுதான் கரையாகிறது. ஸ்ரீபெரும்புதூர் பாறையில் இலையோடு அம்மோனைட் என்ற சுருள் ஓடு கொண்ட கடல் உயிரும் கிடைப்பதால், கரையோரக் காட்டின் இலைகளை ஆறு இழுத்துவந்து ஆழமில்லாத கடலில் போட்டிருக்கிறது என்று தெரிகிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும் கறுப்புச் சேறு இருக்கும், தெரியுமா? அதைத் தோண்டினால் அலையாத்தி இலை கறுத்துப்போய் ஆனால் உருக்குலையாமல் வரும். காற்று போகாத சேறு, அதனால் அழுகுவது மெதுவாகிவிடுகிறது. அதன் மேல் இன்னும் சேறு, இன்னும் சேறு, அப்புறம் கோடிக்கணக்கான வருடம். அவ்வளவுதான் ரகசியம்.

ரோஸி, ராயபுரம்: என் பையன் கேட்கச் சொன்னான், டைனோசர் இதைத் தின்றதா?

இதே காலத்தில் தாவரம் தின்னும் டைனோசர்கள் இருந்தன, தின்றிருக்க வாய்ப்பு உண்டு. பையனுக்கு இதைவிட நல்ல கதை ஒன்று சொல்லுங்கள். மகாராஷ்டிராவில் பிஸ்துரா என்ற ஊரில் கல்லாகிப்போன டைனோசர் சாணம் கிடைக்கிறது, கிரிட்டேசியஸ் முடிகிற கட்டத்தைச் சேர்ந்தது. அதற்குள் புல்லின் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இருந்ததை லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்து ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். டைனோசர் காலத்தில் புல்லே கிடையாது என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதை மாற்றிக்கொண்டேன்.

மீரான், மண்ணடி: எங்கள் கடையில் தரைக்கல் ஒன்றில் செடி படம் அச்சு அசலாக இருக்கிறது. ஃபாசில்தானே?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன் பாய். அது செடி இல்லை. கல்லின் விரிசலில் தண்ணீரோடு நுழைந்த மாங்கனீசு, இரும்பு ஆக்சைடு கிளைவிட்டுப் படிந்தது, டென்ட்ரைட் என்பார்கள். எல்லாக் கிளையும் கல்லின் விளிம்பிலிருந்து உள்ளே கிளம்புகிறது, நடு நரம்பு இல்லை, கீற்றுகள் ஒரே அளவிலும் இல்லை. அழகான கல், ஃபாசில் என்று சொல்லி மட்டும் விற்காதீர்கள்.

சுகுணா, கொருக்குப்பேட்டை: ஏன் அழிந்தது?

பூக்கும் தாவரங்கள் பரவப் பரவ இவை குறைந்தன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரிட்டேசியஸ் முடிந்தபோது ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. சைகஸ் கூட்டம் மட்டும் தப்பியது. அதிலும் நம் பக்கத்து சேஷாசலம் மலையில் வளரும் சைகஸ் பெடோமி இன்றைக்கு ஆபத்தில் இருக்கிறது, இது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

பிரபு, திருவொற்றியூர்: எங்கே போய்ப் பார்க்கலாம்? நாமே பொறுக்கலாமா?

எழும்பூர் அருங்காட்சியகத்தின் புவியியல் கூடத்தில் தொடங்கு. திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கும் போகலாம், ஆனால் அது டைனோசர்களுக்கு வெகுகாலம் பிந்தையது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் கல்மரம் டைனோசர் காலத்தது.

பொறுக்குவது பற்றி. என்னிடம் இரண்டு கல் இருக்கிறது. நீங்கள் பார்த்ததில் பின்பக்கம் ஊர், பள்ளத்தின் எந்தப் பக்கம், தரையிலிருந்து எத்தனை அடி, தேதி எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டாவதில் இலை இன்னும் முழுசு. ஆனால் மாணவியாக இருந்தபோது அதைத் தண்ணீரில் போட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், இடம் எழுதி ஒட்டியிருந்த சீட்டு கரைந்துபோனது, ஓரத்தில் நாலு கீற்றும் செதிலாக உதிர்ந்தது. எங்கே எடுத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. எந்தப் படிவில் கிடந்தது, பக்கத்தில் அம்மோனைட் இருந்ததா, ஒன்றும் சொல்ல முடியாது. படிப்புக்கு அது உதவாமல் போய்விட்டது.

அதனால் கண்ணில் பட்டால் முதலில் இருந்த இடத்திலேயே படம் எடு, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வை. போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துக்கொள். கல்லைப் பெயர்க்காதே, கழுவாதே. படத்தைக் கொண்டுவந்து காட்டு, ஞாயிறு நாலு மணிக்கு மேல் படிப்பகத்தில்தான் இருப்பேன்.