ஈர்ப்பு அளவீட்டுத் துறையில் மகளைச் சேர்க்கலாமா?

நிலத்தடிப் புவிவெப்பத் தேக்கங்களை, அதாவது வெந்நீரும் நீராவியும் தேங்கியுள்ள பாறைப் பகுதிகளை, ஈர்ப்பு அளவீட்டால் கண்காணிக்கும் பணிக்குச் செல்ல உங்கள் மகள் விரும்புகிறார். இவ்வளவு குறுகிய துறையை நம்பலாமா என்ற உங்கள் தயக்கம் நியாயமானதே. எனினும், அந்தப் பணி உண்மையில் எதைக் கேட்கிறது என்பதை அறிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

புவிவெப்ப மின்நிலையங்கள் ஆழ்துளைக் கிணறுகள் வழியே எடுக்கும் வெந்நீர், நீராவி ஆகியவற்றின் நிறையைக் கிணற்று வாயிலேயே அளந்துவிடலாம். பாறைக்குள் மீண்டும் எவ்வளவு நீர் ஊறுகிறது என்பதை அப்படி அளக்க முடியாது. பாறையில் நீர் இருந்த நுண்துளைகளை நீராவி நிரப்பும்போது அங்கே நிறை குறைந்து, மேலேயுள்ள நிலத்தில் ஈர்ப்பும் மிக நுண்ணிய அளவில் குறைகிறது. ஆகவே அதே இடங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஈர்ப்பை அளந்து, மொத்த நிறை இழப்பைக் கணித்து, எடுத்த நிறையிலிருந்து அதைக் கழித்தால், ஊறிய நீரின் அளவு கிடைத்துவிடும். 1958இல் மின்னுற்பத்தி தொடங்கிய நியூசிலாந்தின் வைராக்கேயில் இந்த வகையில் நூற்றுக்கணக்கான மைக்ரோகால் (ஈர்ப்பை அளக்கும் நுண்ணிய அலகு) குறைவு பதிவாகியுள்ளது.

ஒரு மைக்ரோகால் என்பது புவியீர்ப்பில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு. நிலம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தாலே அளவீடு சுமார் 3 மைக்ரோகால் கூடிவிடும். நிலவும் சூரியனும் இழுப்பதால் ஒரே நாளில் 200 மைக்ரோகாலுக்கு மேலும் மாறலாம். மழைக்குப் பின் நிலத்தடி நீர்மட்டம் உயர்வதும், ஈர்ப்பை அளக்கும் கருவியான ஈர்ப்புமானியின் சுருள்வில் மெல்ல நெகிழ்வதும் தனித்தனிப் பிழைகள். இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சுவது தேக்கத்தின் மாற்றம்தானா என்று ஐயுறுவதே அன்றாட வேலை. அளந்த இடத்துக்கே திரும்பிச் சென்று மறுபடி அளப்பதில் சலிப்படையாதவருக்கே இது பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

எனவே இளநிலையிலேயே குறுகிய சிறப்புப் படிப்பைத் தேட வேண்டாம். இயற்பியலும் கணிதமும் வலுவாக அமையட்டும். முதுநிலையில் புவி இயற்பியலை எடுத்து, நிரலெழுதுதல், நிலத்தின் உயர வேறுபாட்டை அளக்கும் மட்ட அளவை, செயற்கைக்கோள் வழி நிலமட்டம் அறிதல் ஆகியவற்றையும் கற்கட்டும். இதே திறன் எரிமலைக் கண்காணிப்புக்கும், நிலத்தடி நீர் ஆய்வுக்கும், கரியமில வாயுவை நிலத்தடியில் சேமிக்கும் திட்டங்களுக்கும் தேவைப்படுவதால், புவிவெப்ப நிறுவனங்களை மட்டுமே நம்பியிருக்கும் நிலை வராது. பணியில் சேர்ந்த பின், வளரும் நாடுகளின் வல்லுநர்களுக்கென 1979 முதல் ஐஸ்லாந்தில் நடக்கும் ஆறு மாதப் புவிவெப்பப் பயிற்சிக்கும் முயலலாம்.

முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது, மாணவர்களே ஈர்ப்புமானியைக் களத்துக்கு எடுத்துச் சென்று அளக்கும் பயிற்சி பாடத்திட்டத்தில் உண்டா என்று துறைத்தலைவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.