சாதி கேட்டு வீடு மறுத்தால் வழக்குத் தொடுக்கலாமா?

கேள்வி: நான் வியாசர்பாடியில் வசிக்கும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். பெரம்பூரில் ஒரு வீட்டைப் பார்த்து, புரோக்கர் மூலம் 5,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன். மறுநாள் உரிமையாளர் மாடிப்படியில் நின்றபடியே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். சொன்னதும், "சொந்தக்காரங்க குடி வர்றாங்க" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே வாரம் டூ-லெட் பலகை மறுபடியும் தொங்கியது. நான் வழக்குத் தொடுக்க முடியுமா?

பதில்: முடியும். சொந்த வீட்டை யாருக்கு விடுவது என்பது உரிமையாளரின் விருப்பம் என்று யாராவது சொன்னால், அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். 1955-ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, குடியிருப்பதையோ தீண்டாமையின் பெயரால் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அச்செயல் தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று, மாறாக நிரூபிக்கப்படும் வரை, நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. "சொந்தக்காரங்க" கதைக்கு இதுவே பதில். தண்டனை 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை, அத்துடன் 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். புரோக்கர் கமிஷனில் கால்வாசிகூடத் தேறாத தொகை!

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கடுமையானதுதான். ஆனால் அதன் இழிவுபடுத்தல் பிரிவில் வழக்குத் தொடுக்க, பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தியதற்குச் சாட்சி வேண்டும். அவர் சாதியைக் கேட்டார், திட்டவில்லை என்பதால் அந்த வழி உங்களுக்குச் சற்றுக் குறுகலானது.

உங்கள் இடத்தில் ஒரு முஸ்லிம் குடும்பமோ, தனியாக வாழும் பெண்ணோ நின்றிருந்தால், என் பதில் "முடியும்" என்று தொடங்கியிருக்காது. அரசியலமைப்பின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம் ஆகியவற்றைச் சொல்கிறதே தவிர, வாடகை வீட்டைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் ஒப்பந்தம் ஏற்பட்ட பின் எழும் உரிமைகளைத்தான் பேசுகிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கு 2017-இலும், திருநர்களுக்கு 2019-இலும் வந்த சட்டங்கள் மட்டும் வாடகை மறுப்பைப் பெயர் சொல்லியே தடை செய்கின்றன. அந்தத் தடையை அனைவருக்கும் விரிக்கும் பொதுவான சட்டம் தேவை என்பது என் உறுதியான கருத்து. சசி தரூர் 2017-இல் மக்களவையில் கொண்டுவந்த பாகுபாடு எதிர்ப்பு, சமத்துவத் தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

உங்கள் வழக்குக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பணம் போய் வந்த ஜிபே பதிவையும், புரோக்கரின் குரல் செய்திகளையும் அழிக்காதீர்கள். அவை இருக்கும் கைபேசியையும் மாற்றாதீர்கள். பட்டியல் சாதியினருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். ஆனால் முதலில், அந்த டூ-லெட் பலகை இன்னும் தொங்கினால், கழற்றுவதற்குள் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள்.