அப்பாவின் ரைபிளை நான் சுடலாமா?

கேள்வி: ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பா காலமாகி எட்டு மாதம் ஆகிறது. அவர் வைத்திருந்த பழைய ரைபிள், ஒரு தகர டப்பா நிறையத் தோட்டாக்களுடன் எங்கள் வீட்டு மர பீரோவில் இருக்கிறது. லைசென்ஸ் புத்தகம் அவர் பெயரில், சென்னையில் கொடுத்தது. "இது சண்டையில் சுட்ட த்ரீ நாட் த்ரீ" என்கிறார் சித்தப்பா. ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது என்பதால் புராதனப் பொருள், லைசென்ஸே வேண்டாம் என்றும் சொல்கிறார். அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே பயம். எனக்கோ ஒரு முறையாவது சுட்டுப் பார்க்க ஆசை. பத்தொன்பது வயது மகனுக்கு என்னைவிட அதிக ஆசை. என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் சித்தப்பா சொன்ன இரண்டில் ஒன்று தவறு, மற்றது அனேகமாகத் தவறு. லைசென்ஸே வேண்டாம் என்பதை முதலில் முடித்துவிடலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால் 45ஆம் பிரிவைக் கடைசி வரை படிக்க வேண்டும். பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத ஆயுதத்துக்குத்தான் அந்த விலக்கு. நீங்களோ அதைச் சுடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள்!

லைசென்ஸ் அப்பா என்ற ஒரு மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. வீடு, நிலம் போல அது பிள்ளைக்குத் தானாக வந்து சேராது. எனவே இன்றைய தேதியில் உங்கள் பீரோவில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. இப்படி உரிமை இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. எட்டு மாதத்தைத் தாமதமில்லை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பிறகு இறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் புத்தகம், தாமதத்துக்கான உண்மையான காரணத்தை எழுதிய கடிதம் ஆகியவற்றோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். துப்பாக்கியைக் கோணிப்பையில் சுற்றி ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். விஷயத்தைச் சொல்லுங்கள், எப்படிக் கொண்டுவருவது என்பதை அவர்கள் சொல்லட்டும். ஒப்படைக்கும்போது ரைபிளின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதிய ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். தோட்டாக்களும் சட்டத்துக்கு உட்பட்டவைதான். "நாலு மட்டும் ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம்.

இனி, அது த்ரீ நாட் த்ரீ, அதாவது .303தானா என்ற கேள்வி. இதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

.303 லீ என்ஃபீல்டு என்பது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் கையில் இருந்த ரைபிள். பத்துத் தோட்டா மேகஸின், கையால் இழுத்துத் தள்ளும் போல்ட், ஏறக்குறைய 4 கிலோ எடை. கொல்கத்தா அருகே இஷாப்பூர் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்தார்கள். என்.சி.சி.யில் தோளில் சுமந்து அணிவகுத்தவர்களுக்கு அதன் எடை நன்றாக நினைவிருக்கும். அந்தத் தோட்டாவை ராணுவத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள ஆங்கிலேய அரசு விரும்பியது. ஊரார் கையில் உள்ள துப்பாக்கியில் அது பொருந்தக் கூடாது. அதனால் பொதுமக்களுக்கு .315 போர் (bore, குழலின் உள்விட்டம்) வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே இஷாப்பூரில், அதே லீ என்ஃபீல்டு அமைப்பில், .315 ரைபிள்களைச் செய்து லைசென்ஸ்தாரர்களுக்கு விற்றார்கள். பார்ப்பதற்கு இரண்டும் உடன்பிறப்புகள். ஓய்வு பெற்ற ராணுவத்தினர் பலர் வாங்கியது இந்த .315ஐத்தான். அக்கம்பக்கத்தார் அதை "மிலிட்டரி துப்பாக்கி" என்றார்கள், அவர்களும் மறுக்கவில்லை. உங்கள் அப்பாவின் கதையும் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தெரிந்துகொள்ள ரைபிளைக் கழற்ற வேண்டியதில்லை. லைசென்ஸ் புத்தகத்தில் போர், எண் இரண்டும் எழுதப்பட்டிருக்கும். போல்ட் கைப்பிடிக்குப் பின்னால், மரக்கட்டை தொடங்கும் இடத்தில் உள்ள இரும்பு வளையத்தில் கிரீடமும் அதன் கீழே ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும் இருந்தால் ஆறாம் ஜார்ஜ் காலத்திலோ அதற்கு முன்போ செய்தது. சிங்க முத்திரை இருந்தால் குடியரசுக் காலத்தது. புத்தகத்தில் ஒரு போரும் குழலில் வேறொன்றும் இருந்தால், ஒப்படைப்பதற்கு முன்பே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

.303 என்றால் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். ராணுவத் தோட்டாவைச் சுடும் ரைபிள் தடை செய்யப்பட்ட வகை. அதற்கு அனுமதி தர மத்திய அரசால்தான் முடியும். அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. அந்த ரைபிளின் அழகைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் பழைய ஆயுதங்களை வைத்திருக்கின்றன.

.315 என்றால் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், இறந்தவரின் வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்க இடம் தருகின்றன. சென்னையில் மாநகரக் காவல் ஆணையருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி என்று அது இழுக்கும். அம்மாவின் பயத்தைக் கையெழுத்து வாங்குவதற்கான தடையாக மட்டும் பார்க்காதீர்கள். மர பீரோவில் துப்பாக்கியும் தோட்டாவும் ஒன்றாக இருந்த வீட்டில் பயப்படுவதுதான் புத்திசாலித்தனம். பூட்டிய இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு என்று ஏற்பாட்டைக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள். அப்போதும் அவருக்கு மனமில்லையென்றால் அனுமதியோடு வியாபாரிக்கு விற்றுவிடலாம். தேர்தல் வரும்போதெல்லாம் ரைபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் உடனே சுட்டுவிட முடியாது. போல்ட்டில் உள்ள எண்ணும் ரைபிளின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். வேறு ரைபிளின் போல்ட் மாட்டியிருந்தால் தோட்டாவின் அடிப்பகுதிக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே இடைவெளி கூடிப்போயிருக்கலாம். சுடும்போது பித்தளைக் கூடு கிழிந்து சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். இதை அளக்கத் தனி அளவுகோல் உண்டு. அது லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரின் வேலை, தெருமுனை லேத் பட்டறையின் வேலை அல்ல.

அந்தத் தகர டப்பாத் தோட்டாக்களைச் சுடவே கூடாது. பித்தளைக்கு அமோனியா ஆகாது; குதிரைச் சிறுநீரிலிருந்து அது எழும். அந்தக் கால இந்தியாவில் குதிரை லாயங்களின் பக்கத்தில் வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டு, ராணுவத்தையே குழப்பியிருக்கின்றன. பழைய ராணுவத் தோட்டாக்களில் இன்னொரு தொல்லை, அவற்றின் தீமூட்டியில் உள்ள பொட்டாசியம் குளோரேட். சுட்டதும் அது உப்பாகிக் குழலுக்குள் படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஓரிரு நாளிலேயே துருப் பிடிக்கத் தொடங்கிவிடும். எண்ணெய் விட்டால் உப்பு கரையாது, வெந்நீர்தான் கரைக்கும். அந்தக் காலச் சிப்பாய்கள் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றி, புல்-த்ரூ என்ற துடைப்புக் கயிற்றில் துணியைக் கட்டி இழுத்து, உலர்ந்த பிறகே எண்ணெய் பூசினார்கள். புதுத் தோட்டாவுக்கு இது தேவைப்படாமல் போகலாம். ஆனால் அப்பா எதைச் சுட்டார், எப்படித் துடைத்தார் என்பதைக் குழலின் உட்புறம் பழுதாளருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். உலோகத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெயைக் கிட்டே கொண்டுவராதீர்கள். மரக்கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடிக்கும் வேலையும் வேண்டாம். ஆளிவிதை எண்ணெயை லேசாகத் தடவினால் போதும்.

எங்கே சுடுவது? ஊரில் உள்ள தோப்பில் அல்ல, காட்டுப்பன்றியையும் அல்ல. அனுமதி பெற்ற சுடுதளத்தில்தான். .315 பெரிய போர் என்பதால் எல்லாத் தளத்திலும் ஏற்க மாட்டார்கள், கேட்டுக்கொண்டு போங்கள்.

இந்த வேலையெல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நீங்களும் மகனும் சும்மா இருக்க வேண்டியதில்லை. மகன் சொந்தமாக லைசென்ஸ் கேட்க 21 வயது ஆக வேண்டும். ஆனால் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில் உறுப்பினராகி, குறிபார்த்துச் சுடும் பயிற்சியை ஏர் ரைபிளிலோ .22 ரைபிளிலோ தொடங்கலாம். சென்னை ரைபிள் கிளப்பில் உறுப்பினர் சேர்க்கை பற்றி விசாரியுங்கள். .315இன் பின்னுதை தோளில் இறங்குவதற்கு முன், மூச்சை நிறுத்தி விசையை மெல்ல அழுத்தும் பழக்கம் .22இல் வந்துவிட வேண்டும். பத்து மீட்டர் ஏர் ரைபிளில் உங்கள் மகன் உங்களை முந்திவிடுவான் என்றே நினைக்கிறேன்.