ஆச்சியிடம் கேளுங்க: முகப்புக் கதவைத் திறக்க வைத்த நாய்

போன இதழில் எங்க வீட்டு மணியைப் பற்றி (நாலு கால் மணிதான்) போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி நாயைப் பற்றித்தான். சரி, இந்தத் தடவை நாய்க்கே விட்டுவிடுவோம்.

அம்மா கானாடுகாத்தானில் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள். சென்னைக்கு வாங்க என்றால் "நாயை யார் பார்ப்பது?" என்கிறார்கள். ஒரு தெரு நாய் பெற்ற பிள்ளையை விட முக்கியமா? நாயிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று நீங்கள் வேறு எழுதுகிறீர்கள், அப்படி என்ன ஆச்சி இருக்கிறது?
– வாசகர், சென்னை

தம்பி, கோபப்படாமல் படியுங்கள். நாய் ஒரு சாக்கு. சென்னையில் உங்கள் ஃபிளாட்டில் பேரன் பள்ளிக்கூடம் போய், நீங்கள் இரண்டு பேரும் ஆபீஸ் போன பிறகு அம்மாவுக்கு என்ன வேலை? இங்கே காலை ஐந்தரைக்கு நாய் கதவைப் பிறாண்டும், மூட்டு வலித்தாலும் எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தே ஆகணும், திறந்தால் பால்காரர், பூக்கார அம்மா, எதிரே பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக் காவல் இருக்கும் பெரியவர் என்று நாலு பேரிடம் நாலு வார்த்தை பேசியாச்சு.

என் கதையையே சொல்கிறேன். அவர் காலமான பிறகு ஒரு வருஷம் நான் முகப்புக் கதவையே திறக்கவில்லை. நம்ம செட்டிநாட்டு வீடுகள்தான் தெரியுமே, முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாகவே புழங்கிக்கொண்டிருந்தேன். மணி அங்கேதான் குட்டியாக வந்து சேர்ந்தது. கொஞ்சம் வளர்ந்ததும் அதற்கு ஒரு புத்தி வந்தது: பின்னால் வெளியே விட்டால் தெருவைச் சுற்றிக்கொண்டு போய் முன்வாசலில் நின்று குரைக்கும். "பின்னாலேயே வாடா" என்று பின்பக்கத்து இரண்டாங்கட்டிலிருந்து கத்திப் பார்த்தேன், கேட்டால்தானே! தெருவே எழுந்துவிடும் போலிருந்தது, வேறு வழியில்லாமல் பட்டாலைக் கூடமெல்லாம் தாண்டி முகப்புவரை நடந்துபோய் அந்தத் தேக்குக் கதவைத் தோள்கொடுத்துத் தள்ளினேன். வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தது. எதிர்வீட்டுக்காரி "என்ன ஆச்சி, ஊரில்தான் இருக்கீகளா?" என்று கேட்டாள். மறுநாளும் அங்கேயே வந்து நின்றது. மூன்றாம் நாள் நானே முன்கூட்டிப் போய்த் திறந்து வைத்தேன்.

அப்புறம் சித்திரை வெயில். நான் ஒரே அறையில் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். மணி உள்ளே வராது. காலையில் முகப்புத் திண்ணை, வெயில் ஏறினால் வளவுத் தாழ்வாரம் (நடுமுற்றத்தைச் சுற்றின இடம்), உச்சியில் காற்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்த மூலை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வயிறு படும்படி, பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரி நீட்டிப் படுக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும், அதனால் குளிர்ந்த இடம் தேடுவதில் அதற்குக் கவனம் அதிகம். ஒருநாள் கரண்ட் போனபோது அதன் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துப் பார்த்தேன். வீட்டைக் கட்டின ஐயாவுக்குத் தெரிந்திருக்கிறது, நாய்க்குத் தெரிந்திருக்கிறது, நடுவில் எனக்குத்தான் தெரியவில்லை!

அம்மாவுக்கு உடம்பு நிஜமாகவே முடியவில்லை என்றால் அது வேறு கதை, துணைக்கு ஆள் வையுங்கள். இல்லையென்றால் அவர்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு நீங்கள் நாலு நாள் லீவு போட்டு வந்து, ஐந்தரைக்கு நாயை நீங்களே வெளியே விட்டுப் பாருங்கள்.

எங்கள் நாய் சாப்பிடும்போது பேரன் தட்டருகே போனால் உறுமுகிறது. அடித்தும் பார்த்துவிட்டோம். நேற்று பல் லேசாகப் பட்டுவிட்டது.
– வாசகி, தேவகோட்டை

முதலில் பையன். கீறல்தானே என்று விடாதீர்கள், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, இதைப் படித்தவுடன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் டாக்டர் சொல்கிற எல்லா ஊசியையும் முடியுங்கள். வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்றாலும் டாக்டரிடம் காட்டியே ஆகணும். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது.

இனி நாய். உறுமினதற்கு அடிக்கிறீர்களே, அது "வேண்டாம், தள்ளிப் போ" என்று மரியாதையாகச் சொன்ன வார்த்தை அம்மா. அதையும் அடித்து அடக்கினால் அடுத்த தடவை சொல்லாமலேயே கடிக்கும். மனசில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாமல் பத்து வருஷம் கழித்துக் கல்யாண வீட்டில் கொட்டுகிற நம்ம சொந்தக்காரர்களை நினைத்தால், உறுமுகிற நாய் எவ்வளவோ தேவலை. அது சாப்பிட்டு முடிக்கும்வரை பேரனைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மிச்சமான கோழிக் குழம்புச் சோற்றை நாய்க்குப் போடலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

வேண்டாம். நம்ம குழம்பில் வெங்காயம் எவ்வளவு போகிறது என்று உங்களுக்கே தெரியும், அது நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலில் குத்தும். மசாலா சேர்க்கும் முன்பே நாலு துண்டு கறியைத் தனியாக வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு, சோற்றில் பிசைந்து போடுங்கள். திராட்சையும் சாக்லேட்டும் கூடவே கூடாது.

வீட்டுக்குள் நாய் வந்தால் ஆகாது என்று மாமியார் சொல்கிறார்கள்.
– வாசகி, காரைக்குடி

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில் ஒன்பதில் ஒன்று வைரவன்பட்டி, அங்கே வைரவருக்கு வாகனமே நாய்தான். பிள்ளையார்பட்டிக்குப் பக்கம், ஒரே காலையில் இரண்டு கோயிலையும் பார்த்துவிடலாம், மாமியாரை அழைத்துப் போங்கள். அங்கே எதுவும் பேச வேண்டாம், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். திரும்பி வந்ததும் "சரி, திண்ணையோடு இருக்கட்டும்" என்பார்கள், ஒப்புக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை பிடிக்கட்டும், அவர்களே உள்ளே கூப்பிட்டுச் சாக்கு விரிப்பார்கள்.